எத்தனை வருசம்? – குழந்தைகளின் இதயத்தைத் திருத்தும் கைகள் உருவாகும் கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் சார்பில் இங்கே பேசுகிறோம். அதனால்தான் இந்த உரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே வரும். எங்களில் சிலர் குழந்தை வைத்தியர்கள், சிலர் மயக்கமருந்து நிபுணர்கள், சிலர் குடும்ப வைத்தியர்கள். எவரும் இதய சத்திரசிகிச்சை நிபுணர் அல்லர். அப்படியிருந்தும் குழந்தைகளின் இதயத்தில் சத்திரசிகிச்சை செய்பவர் எப்படி உருவாகிறார் என்பதையே இன்றைய தலைப்பாக எடுத்தோம். காரணம் எளியது. அந்தக் கைகளிடம் எங்கள் குழந்தைகளை அனுப்பிவிட்டு, தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருப்பவர்கள் நாங்கள். அந்தக் கைகள் எவ்வளவு அரியவை என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வகுப்பில் சத்திரசிகிச்சையை விரும்பியவர்கள் இருந்தார்கள். மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் வகுப்பு முடிந்தும் மேசையை விட்டு எழும்பாத பிள்ளைகள் அவர்கள். ஆனால் ஒருவர்கூட சத்திரசிகிச்சை நிபுணர் ஆகவில்லை. அவர்களுக்குத் திறமை குறைவில்லை. வீட்டிலும் வெளியிலும் அவர்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: “எத்தனை வருசம் படிக்க வேணும்?” பதிலைச் சொன்னதும் அடுத்த வசனம் வந்துவிடும்: “பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வருசம் எதுக்கு?”

இன்று அந்தக் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வந்திருக்கிறோம். பதிலைக் கேட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் இந்தச் சங்கமும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.

வேலை என்ன?

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். உயிருடன் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. இது பணக்கார நாடு, ஏழை நாடு என்று பார்ப்பதில்லை. பல குறைபாடுகள் சிறியவை. சில துவாரங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் நாலில் ஒரு பங்கு அளவான குழந்தைகளுக்கு முதல் வருடத்துக்குள்ளேயே சத்திரசிகிச்சையோ வேறு தலையீடோ தேவைப்படும்.

உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும். வலது பக்கம் வரும் கருங்குருதி சுவாசப்பைக்குப் போகிறது. அங்கே ஒட்சிசன் ஏற்று இடது பக்கம் வந்து, பெருநாடி வழியே உடலெங்கும் போகிறது. இந்த ஒழுங்கு பிழைத்துப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. சிலருக்குப் பெருநாடியும் சுவாசப்பை நாடியும் இடம் மாறியிருக்கும். உடலுக்குப் போய் வந்த இரத்தம் திரும்பவும் உடலுக்கே போகும். சுவாசப்பைக்குப் போய் வந்தது திரும்பவும் சுவாசப்பைக்கே போகும். குழந்தை பிறந்த அன்றே நீலமாகிவிடும். அதற்கான முழுமையான சத்திரசிகிச்சையைப் பொதுவாகப் பிறந்து சில நாட்களுக்குள், அல்லது சில வாரங்களுக்குள் செய்யவேண்டும்.

அப்போது குழந்தையின் நிறை மூன்று கிலோ. இதயம் அந்தக் குழந்தையின் மூடிய கைப்பிடி அளவு. இரண்டு பெரிய நாடிகளையும் வெட்டி இடம் மாற்றுவது வேலையின் பாதிதான். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளையும் பெயர்த்துப் புதிய இடத்தில் பொருத்தவேண்டும். அவற்றின் அகலம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைப்பார்கள். அவ்வளவு நேரமும் இதயம் நிறுத்தப்பட்டிருக்கும். இதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் பக்கத்தில் நிற்கும் இயந்திரம் செய்துகொண்டிருக்கும். ஒரு தையல் சற்று இழுபட்டால் அந்த நாடி மடிந்துவிடும். மடிந்தால் இதயம் மறுபடி துடிக்க மறுக்கும்.

இந்தச் சத்திரசிகிச்சை முதன்முதல் வெற்றியாகச் செய்யப்பட்டது 1975இல், பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில், அடிப் ஜட்டேனி என்பவரால். அதாவது இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் அம்மம்மாமார் இளம் பெண்களாக இருந்த காலத்தில் இப்படியொரு குழந்தை பிறந்திருந்தால் இந்த வழி இருக்கவில்லை.

இனி வருடங்களை எண்ணுவோம்

உயர்தரம் முடிந்து, இசட் புள்ளி வந்து, மருத்துவ பீடத்துக்குள் நுழையும்போது ஒரு பிள்ளைக்குப் பத்தொன்பது, இருபது, சிலவேளை இருபத்தொரு வயது. பட்டப்படிப்பு ஐந்து வருடம். அதன்பின் உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். அதற்கு முன்னும் பின்னும் நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்கள் தனி. பிறகு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை. அதில் முதல் தடவையிலேயே சித்தியடைபவர்கள் குறைவு. சித்தியடைந்தால் பொதுச் சத்திரசிகிச்சையில் சில வருடப் பயிற்சி, அதன் முடிவில் இன்னொரு பெரிய பரீட்சை. அதன் பின்னரே இதயமும் நெஞ்சறையும் சார்ந்த விசேட பயிற்சி. அதற்குள் குழந்தைகளின் இதயம் என்பது இன்னும் ஒடுங்கிய ஒரு கிளை. ஒன்றோ இரண்டோ வருடம் வெளிநாட்டு வைத்தியசாலையொன்றில் பயிற்சி பெற்றுத் திரும்பவேண்டும். இவையெல்லாம் முடிந்து தன் பெயரில் ஒரு நோயாளியை ஏற்கும்போது அந்தப் பிள்ளைக்கு முப்பத்தைந்து தாண்டியிருக்கும். நாற்பதை நெருங்கியும் இருக்கலாம்.

ஆகவே பதில் இதுதான்: உயர்தரத்திலிருந்து பதினைந்து தொடக்கம் இருபது வருடம். குறைத்துச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. குறைத்துச் சொன்னால் நடுவழியில் பிள்ளை ஏமாந்துபோகும்.

ஆனால் அந்த இருபது வருடமும் கதிரையில் இருந்து புத்தகம் படிக்கும் வருடங்கள் அல்ல. உள்ளகப் பயிற்சி தொடக்கமே சம்பளம் உண்டு. அதைவிட முக்கியம், அந்த ஒவ்வொரு கட்டமும் மேசையில் கிடக்கும் குழந்தைக்குத் தேவையான ஏதோ ஒன்றைக் கற்றுத்தருகிறது. நள்ளிரவில் குடல்வால் வெட்டும்போது, வயிற்றைத் திறந்தபின் எதிர்பாராதது தென்பட்டால் பதறாமலிருக்கப் பழகுகிறார்கள். பெரியவர்களின் இதயத்தில் தைக்கும்போது இயந்திரத்தோடும் அதை இயக்குபவரோடும் ஒத்திசையப் பழகுகிறார்கள். பல வருடம் இன்னொருவருக்கு உதவியாளராக நிற்கும்போது, கையை அசைக்காமல் பிடித்திருப்பதும் ஒரு வேலை என்பதைப் பழகுகிறார்கள். இவற்றில் ஒன்றையும் தாண்டிப் போகமுடியாது.

பெண்கள் சேர்த்த பணம்

இந்தத் துறையே எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்தக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர்கள் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அல்லர். நமது சங்கம் போன்ற ஒரு பெண்கள் கூட்டம்.

அமெரிக்காவின் போல்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 1889இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. அந்நகரின் பெண்கள் சிலர், மேரி எலிசபெத் கரட் என்பவரின் முன்னணியில், நிதி திரட்ட முன்வந்தார்கள். தேவைப்பட்டது ஐந்து இலட்சம் டொலர். அதில் மூன்று இலட்சத்துக்கும் மேல் கரட் அம்மையார் தன் கையிலிருந்தே கொடுத்தார். ஆனால் நிபந்தனை வைத்தார்கள். பெண்களை ஆண்களுக்குச் சமமான முறையில் அனுமதிக்கவேண்டும். சேருபவர் எவராயினும் முதலில் ஒரு பட்டம் பெற்றிருக்கவேண்டும். நிருவாகத்தினர் தயங்கினார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள். 1893இல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் ஹெலன் டோசிக். 1898இல் பிறந்தவர். பதினொரு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பதிலேயே அவருக்குச் சிரமம் இருந்தது. தகப்பனார் பொறுமையாகக் கூடவிருந்து படிப்பித்தார். மருத்துவம் படிக்க விரும்பி முதலில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைத் தான் நாடினார். வகுப்பில் இருக்கலாம், பட்டம் தரமாட்டோம் என்றது அந்தப் பல்கலைக்கழகம். 1945இல் தான் அதன் மருத்துவக் கல்லூரி பெண்களை அனுமதித்தது. டோசிக் அதுவரை காத்திருக்கவில்லை. ஹொப்கின்சுக்குப் போய் 1927இல் பட்டம் பெற்றார்.

பிறகு அவரது காது கேளாமல் போகத் தொடங்கியது. இதய வைத்தியருக்குக் காது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. அவர் விரல்களைக் காதாக்கிக்கொண்டார். குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து, இரத்தம் பிழையான வழியில் பாயும் அதிர்வைத் தொட்டறிந்தார். அன்று ‘நீலக் குழந்தைகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அவரது பிரிவுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது, பலோ என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் அழைக்கப்படும் நான்கு குறைபாடுகளின் சேர்க்கை. சுவாசப்பைக்குப் போகும் வழி ஒடுங்கியிருக்கும். போதிய இரத்தம் அங்கே போகாது. நாலடி நடந்துவிட்டுக் குந்தியிருந்து மூச்சு வாங்கும் குழந்தைகள் அவர்கள்.

அவர்களைக் கவனித்த டோசிக்குக்கு ஒரு விடயம் புலப்பட்டது. கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெருநாடியையும் சுவாசப்பை நாடியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். எந்த நீலக் குழந்தைக்கு அது மூடாமல் இருந்ததோ, அந்தக் குழந்தை ஓரளவு நன்றாக இருந்தது. குழாய் மூடியபின் நிலைமை மோசமானது. அப்படியானால் ஒரு குழாயைச் செயற்கையாக உண்டாக்க முடியாதா என்று அவர் கேட்டார். அவர் முதலில் அணுகியவர் பொஸ்ரனில் இருந்த றொபேட் குரொஸ். 1938இல் அந்தக் குழாயை மூடும் சத்திரசிகிச்சையை முதன்முதல் வெற்றியாகச் செய்தவர் அவர். மூடுவதில் புகழ் பெற்றவருக்குப் புதிதாக உண்டாக்குவதில் அக்கறை வரவில்லை. டோசிக் மறுபடி கேட்டார், இம்முறை ஹொப்கின்சுக்குப் புதிதாக வந்த அல்பிரட் பிளேலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம். அவர் சம்மதித்தார்.

ஸ்ரூலில் ஏறி நின்றவர்

பிளேலொக்கின் ஆய்வுகூடத்தில் விவியன் தோமஸ் என்ற கறுப்பின உதவியாளர் இருந்தார். தச்சுவேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. மருத்துவம் படிக்கவேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருந்தார். அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது வங்கி மூடப்பட்டது. சேர்த்த பணமும் போனது. 1930இல், பத்தொன்பது வயதில், ஆய்வுகூட வேலைக்கு வந்தார். அவர் செய்தது ஆராய்ச்சியாளரின் வேலை. பதிவேட்டில் அவருக்குத் தரப்பட்டதோ துப்புரவுத் தொழிலாளியின் தரமும் சம்பளமும். பெண்களுக்குத் திறந்திருந்த ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியின் கதவு கறுப்பினத்தவருக்கு அப்போது திறந்திருக்கவில்லை.

கைக்குப் போகும் நாடியைத் திருப்பிச் சுவாசப்பை நாடியோடு இணைக்கும் முறையை நாய்களில் மீண்டும் மீண்டும் செய்து நெறிப்படுத்தியவர் தோமஸ். அவ்வளவு சிறிய நாளங்களுக்கு ஏற்ற ஊசிகள் கிடைக்காததால் இருந்த கருவிகளை வெட்டியும் தீட்டியும் புதியவை ஆக்கினார். 1944 நவம்பர் 29ஆம் திகதி, பதினைந்து மாதமான, நாலு கிலோ அளவே நிறையுடைய ஒரு பெண் குழந்தைக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. பிளேலொக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்ரூலில் ஏறி நின்று, அடுத்த தையலை எப்படிப் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தோமஸ். ஏனென்றால் அந்த வேலையை அங்கிருந்தவர்களில் அதிக தடவை செய்திருந்தவர் அவர்தான்.

அந்தக் குழந்தை தேறியது. ஆனால் சில மாதங்களே வாழ்ந்தது. அதன்பின் வந்த குழந்தைகள் பலர் நீலம் நீங்கி வீடு போனார்கள். உலகின் பல பாகங்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போல்ட்டிமோருக்கு வந்தார்கள். குழந்தைகளின் இதயத்தைச் சத்திரசிகிச்சையால் திருத்தலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பரவியது. தோமஸிடம் கைவேலை பழகிய இளம் வைத்தியர்கள் பின்னாளில் பெரிய பிரிவுகளின் தலைவர்கள் ஆனார்கள். தோமஸுக்கு 1976இல் அந்தப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. டோசிக் 1965இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

இந்தக் கதையை நாங்கள் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1893இல் அந்தப் பெண்கள் பணம் கொடுத்தபோது நீலக் குழந்தைகளைப் பற்றி நினைத்திருக்கமாட்டார்கள். ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான். ஐம்பத்தொரு வருடம் கழித்து அதன் பலன் ஒரு சத்திரசிகிச்சை மேசையில் தெரிந்தது. மூடிய கதவுக்கு வெளியே நின்ற தோமஸ் எவ்வளவு செய்தார் என்றும் பார்த்தோம். அப்படி வெளியே நின்று, ஆய்வுகூடம்கூடக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

பெண்ணின் கை

“அதெல்லாம் சரி, டோசிக் கத்தி பிடிக்கவில்லையே” என்று யாராவது கேட்கக்கூடும். நீனா பிரௌன்வோல்ட் என்ற பெயரைச் சொல்கிறோம். 1928இல் நியூயோர்க்கில் பிறந்தவர். சத்திரசிகிச்சைப் பயிற்சியில் பெண்களே அரிதாக இருந்த காலத்தில் அந்தப் பயிற்சியை முடித்தார். 1960 மார்ச்சில், தானே வடிவமைத்த செயற்கை வால்வை ஒரு பெண்ணின் இதயத்தில் பொருத்தினார். ஈரிதழ் வால்வு முழுவதையும் செயற்கை வால்வால் வெற்றிகரமாக மாற்றிய முதல் சத்திரசிகிச்சை அது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவர் மூன்று பெண்பிள்ளைகளின் தாய்.

சத்திரசிகிச்சைக்குப் பெலன் வேண்டும், பெண்ணால் நீண்ட நேரம் நிற்கமுடியாது என்று சொல்பவர்கள், திருவிழாக் காலத்தில் நம் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாலே போதும். மூன்று கிலோக் குழந்தையின் நெஞ்சுக்குள் வேண்டியது பெலன் அல்ல. இலேசான கையும் நீண்ட பொறுமையும்.

படித்து முடிந்தபின்னும் படிப்பு

வருடக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். இந்தத் தொழிலில் படிப்பு முடிவதில்லை.

லண்டனில் கிரேற் ஓர்மண்ட் வீதியில் புகழ்பெற்ற சிறுவர் வைத்தியசாலை உண்டு. அங்கே மார்க் டி லெவால் என்ற நிபுணர், முன்பு சொன்ன நாடிகளை இடம் மாற்றும் சத்திரசிகிச்சையைச் செய்துவந்தார். முதல் ஐம்பத்திரண்டு குழந்தைகளில் இறந்தது ஒரு குழந்தை மட்டுமே. அடுத்த பதினாறு குழந்தைகளில் ஏழு குழந்தைகள் இறந்தன. கெட்ட காலம் என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தன் கணக்கைத் தானே எடுத்து, எங்கே வழுவியது என்று ஆராய்ந்தார். உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர், நல்ல பெறுபேறு காட்டிய இன்னொருவரிடம் போய் மாணவனைப் போல் நின்று மறுபடி கற்றார். திரும்பி வந்தபின் நிலைமை சீரானது. எல்லாவற்றையும் 1994இல் மருத்துவ சஞ்சிகையில் வெளிப்படையாக எழுதினார்.

கணக்கெடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில் உதாரணம் உண்டு. பிரிஸ்டல் நகரின் வைத்தியசாலையொன்றில் 1980களிலும் 90களிலும் குழந்தை இதய சத்திரசிகிச்சையின் பெறுபேறுகள் மோசமாக இருந்தன. எச்சரித்த மயக்கமருந்து நிபுணரின் குரலுக்கு நீண்டகாலம் செவிசாய்க்கப்படவில்லை. 2001இல் வெளிவந்த பகிரங்க விசாரணை அறிக்கையின்படி, 1991 முதல் 1995 வரையில் மட்டும், ஒரு வயதுக்குட்பட்ட முப்பது தொடக்கம் முப்பத்தைந்து வரையான குழந்தைகள் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேலாக இறந்திருந்தன.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கையின் சாதுரியம் மட்டும் குழந்தையைக் காப்பாற்றுவதில்லை. “எனக்குத் தெரியவில்லை, சொல்லித்தாருங்கள்” என்று நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் கேட்கும் மனம் வேண்டும். அந்த மனம் பல்கலைக்கழகத்தில் உருவாவதில்லை. இந்த மண்டபத்தில், கணித வகுப்பில் பிழை விட்டவள் எழும்பி “விளங்கேல்லை, ரீச்சர்” என்று சொல்ல, ஆசிரியை சினக்காமல் மறுபடி விளக்கிய அந்த நாட்களில் உருவாகிறது. எங்கள் ஆசிரியைமார் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்திலும், இடம்பெயர்ந்து மர நிழலில் வகுப்பு நடந்த காலத்திலும் அதைச் செய்தார்கள்.

நம் வீட்டு வாசலில்

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறோம். இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. கொழும்பு பொறளையில் உள்ள லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத் தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். நிபுணர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்; குழந்தைகளோ வரிசையில். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் பல துறை நிபுணர்கள் நாட்டை விட்டுப் போனதும் எல்லோருக்கும் தெரிந்ததே. வடக்கிலிருந்து ஒரு நீலக் குழந்தையை அம்புலன்சில் ஏற்றி, ஒட்சிசனோடு, தாயையும் கூட்டிக்கொண்டு, ஏ-9 வீதியால் கொழும்புக்குக் கொண்டுபோகும் அந்த இரவின் நீளம் எங்களுக்குத் தெரியும். வழியில் அந்தத் தாய் கேட்பதும் நேரக் கணக்குத்தான்: “இன்னும் எவ்வளவு நேரம், டொக்டர்?”

தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் இங்கே ஒரு வார்த்தை. பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்த்தால், இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்துப்போனால், நிறை ஏறாவிட்டால், மூச்சு வேகமாக இருந்தால், உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், “செய்வினை, கண்ணூறு” என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவ மாதிடம் சொல்லுங்கள். எவ்வளவு சிறந்த நிபுணராலும், தன்னிடம் நேரத்துக்கு வந்துசேர்ந்த குழந்தைக்குத் தான் சிகிச்சை செய்யமுடியும்.

சங்கத்திடம் ஒரு விண்ணப்பம்

எங்கள் வகுப்பில் சத்திரசிகிச்சையைக் கைவிட்டவர்களை எண்ணிப் பார்க்கிறோம். அவர்களை நிறுத்தியது பரீட்சை அல்ல. பயிற்சிக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் மாற்றம் வந்தபோது தங்க இடம் இருக்கவில்லை. இரவுக் கடமைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை. “தாய் ஆனபிறகு இதெல்லாம் சரிவராது, தங்கச்சி” என்று அன்பாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அன்பில்லாமல் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் நல்ல வைத்தியர்களாக, வேறு துறைகளில் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வரவேண்டிய சில கைகள் வரவில்லை.

போல்ட்டிமோர்ப் பெண்கள் இலட்சக்கணக்கில் டொலர் கொடுத்தார்கள். நமது சங்கத்திடம் அதை நாங்கள் கேட்கவில்லை. கேட்பது மூன்று விடயங்கள்.

ஒன்று: உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளை ஒவ்வொரு தவணையும் ஒரு முறையாவது, துறைசார்ந்த பழைய மாணவி ஒருவர் சந்திக்கட்டும். வைத்தியர் மட்டுமல்ல, தாதியும் இதய-சுவாசப்பை இயந்திரத்தை இயக்குபவரும் வரட்டும். சத்திரசிகிச்சைக் கூடம் ஒருவருடையது அல்ல என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

இரண்டு: கொழும்பு, கண்டி, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று நமது கிளைகள் எங்கும் இருக்கின்றன. பட்டப்பின் பயிற்சிக்காக அந்த ஊருக்கு வரும் இளைய பழைய மாணவிக்கு ஓர் அறை, ஒரு நேரச் சோறு, இரவுக் கடமை நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அன்ரி. இதற்கான பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால் போதும். பட்டியலில் எங்கள் வகுப்பின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று: பெற்றோருக்கு. மகள் வந்து “சத்திரசிகிச்சை செய்யப்போறன்” என்று சொன்னால், எத்தனை வருசம் என்று கேளுங்கள், கேட்பதில் பிழையில்லை. ஆனால் “எதுக்கு” என்று கேட்பதற்கு முன்னால், “அதுக்கு நாங்கள் என்ன செய்யவேணும்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியோடு அவளது பாதையில் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, இருபது வருடம் எப்படியும் போகும். நீங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் ஆனாலும் போகும், ஆகாவிட்டாலும் போகும். உங்களில் எல்லோரும் இந்தப் பாதையில் வரவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வர விரும்பும் ஒருத்தி, வருடத்தை எண்ணிப் பயந்து திரும்பக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம். அவள் திரும்பி வரும் நாளில், வடக்கிலிருந்து புறப்படும் அம்புலன்ஸ் கொழும்பு வரை போகவேண்டிய தேவையில்லாமலும் போகலாம்.